அறுவதற்கு முன் நீளுகிறதா?

(குறிஞ்சிப்பாடியில் நூலக வாசகர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'பொருள்களின் வலிமை' என்று தலைப்புக் கொடுத்து அழைத்திருக்கிறீர்கள். கல்லூரியில் இது ஒரு தாள். சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுத் தேர்வு முடிந்த அன்று மாலையே பிள்ளைகள் மறந்துபோகிற தாள். குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை. அந்தப் பாடம் இரும்பில் தொடங்குகிறது. இரும்பு நீளுவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. கைலி நெய்கிற ஊரில் பேசும்போது நூலில் தொடங்குவதுதான் முறை.

நாற்பதாம் நம்பர் பருத்தி நூலை எடுத்துக்கொள்வோம். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டா நாற்பது நின்றால் அது நாற்பதாம் நம்பர். அரைக் கிலோவுக்கும் குறைவான நூல் 30 கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து இழுத்தால் கடலூரைத் தொட்டுவிடும். அந்த ஒற்றை நூலை அறுக்க ஏறத்தாழ 200 கிராம் எடை வேண்டும். கேட்கும்போது அற்பமாகத்தான் தெரியும். ஆனால் இழைகளுக்கு நடுவே உள்ள காற்றைக் கழித்துவிட்டுப் பஞ்சின் குறுக்குப் பரப்பை மட்டும் பார்த்தால், அது ஒரு சதுர மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குதான். அப்படியானால் ஒரு சதுர மில்லிமீட்டர் பஞ்சு 20 கிலோ தாங்குகிறது. ஜன்னல் சட்டத்துக்கும் ஷெட்டுக்கும் வாங்குகிறோமே, அந்த மைல்ட் ஸ்டீல் ஆங்கிள், சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 25 கிலோவில் இளகத் தொடங்கும். பஞ்சுக்கும் இரும்புக்கும் இடைவெளி அவ்வளவுதான். எடைக்கு எடை பார்த்தால் பஞ்சே ஜெயிக்கும். இரும்பு அதைவிட ஐந்து மடங்கு கனம்.

இப்படிச் சுமையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. நீண்ட அளவை மூல நீளத்தால் வகுத்தால் திரிபு. ஒரு மீட்டர் நூல் அறும் தறுவாயில் ஐந்தாறு சென்டிமீட்டர் நீண்டிருக்கும். ஒரு மீட்டர் மைல்ட் ஸ்டீல் கம்பியோ, இளகும் நிலைக்கு வரும்போதுகூட ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் நீண்டிருக்கும். அதுவரை சுமையை எடுத்துவிட்டால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். சுமை இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்கு. இந்த விகித விதியை ராபர்ட் ஹூக் 1678-ல் அச்சிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் இந்த விகிதத்தில் ஓர் எண் உண்டு என்பதை 1807-ல் எழுதிய தாமஸ் யங்கின் பெயரில் அந்த எண்ணைச் சொல்கிறோம். இரும்புக்கு அது சதுர மில்லிமீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன்.

இந்த எண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலிவான கம்பிக்கும் இதே 2 லட்சம், விலை உயர்ந்த கம்பிக்கும் இதே 2 லட்சம். 'நல்ல ஸ்டீல் போட்டேன், பீம் தொய்யாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொய்வதும் தொய்யாததும் பீமின் ஆழத்தைப் பொறுத்தது. இளகாமல் எவ்வளவு தாங்கும், இளகிய பிறகு எவ்வளவு நீளும் என்பவை வேறு கேள்விகள். ஒரு பொருளைப் பற்றி 'ஸ்ட்ராங்கா?' என்று கேட்கும்போது நாம் இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மூன்றில் உயிர்களைக் காப்பாற்றுவது கடைசியாகச் சொன்னது. இன்று நான் சொல்ல வந்தது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் யூ.டி.எம். என்று ஓர் இயந்திரம் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இரண்டு தூண்கள், நடுவே மேலும் கீழும் தாடைகள், பக்கத்தில் பெரிய முகப்பு கொண்ட முள். மாணவர்கள் அதன் எதிரில் நிற்கும்போது நான் அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். 12 மி.மீ. மைல்ட் ஸ்டீல் கம்பியைத் தாடைகளில் பூட்டி, எண்ணெயழுத்தத்தைத் திறந்தால் முள் சீராக ஏறும். கம்பியில் ஒரு மாற்றமும் இருக்காது. பிள்ளைகள் செல்போனைப் பார்க்கத் தொடங்குவார்கள். திடீரென்று முள் தயங்கும். சற்றே பின்வாங்கி நிற்கும். அப்போது கம்பியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மேலே ஒட்டியிருந்த கருநீலச் செதில் சாய்கோடு சாய்கோடாக வெடித்து, பொடியாக உதிரும். இரும்பு இளகிவிட்டது. இனி எண்ணெயை மூடினாலும் பழைய நீளத்துக்குத் திரும்பாது.

பிறகு முள் மறுபடி ஏறும். இளகிய இரும்பு இளக இளக முறுக்கேறுகிறது, இன்னும் கேட்கிறது. ஒரு கட்டத்தில் உச்சம் தொட்டு முள் இறங்கும். கம்பியின் ஓரிடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கும். கண் முன்னே ஒடுங்கும். அடுத்த சில நொடிகளில் படீர் என்ற சத்தம், பிள்ளைகள் ஒரு எட்டு பின்வாங்குவார்கள். உடைந்த முனைகளை எடுத்துப் பார்த்தால் ஒன்று கிண்ணம், மற்றது கூம்பு. விரலால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். கம்பியை இழுப்பதற்கு நாம் செய்த வேலையில் பெரும்பகுதி அந்தச் சூட்டில் இருக்கிறது.

அதே இடத்தில் வார்ப்பிரும்புத் துண்டைப் பூட்டிப் பாருங்கள். முள் ஏறும், ஏறும், படார். தயக்கம் கிடையாது, இடுப்பு ஒடுங்குவது கிடையாது, தொட்டால் சூடும் கிடையாது. தட்டையாக, உப்புக்கல் உடைந்த மாதிரி ஒரு முகம்.

உலோகம் ஏன் இளகுகிறது? அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஒரு முழு வரிசையை அடுத்ததன் மேல் ஒரேயடியாக நகர்த்த வேண்டுமென்றால் அதற்கு வேண்டிய விசை, ஆய்வுக்கூடத்தில் நாம் பார்ப்பதைவிடப் பற்பல மடங்கு. நிஜத்தில் அடுக்கில் எங்கோ ஒரு பிசகு இருக்கிறது. அந்தப் பிசகு ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஊர்ந்து போகிறது. கூடத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை முழுதாக இழுக்க முடியாவிட்டால், ஒரு மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போகிறோம் அல்லவா, அது போல. 1934-ல் டெய்லர், ஒரோவான், போலன்யி என்ற மூன்று பேர் தனித்தனியாக இதைக் கண்டு எழுதினார்கள். கண்ணாடியிலும் கல்லிலும் அப்படி நகரும் மடிப்பு இல்லை, விரிசல்தான் நகரும்.

இனி கம்பிக் கடைக்கு வருவோம். வீடு கட்டுகிறவர்கள் டி.எம்.டி. கம்பி வாங்கும்போது எஃப்.ஈ. 500, எஃப்.ஈ. 550 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டனில் இளகும் என்பதற்கான எண். 550 என்றால் 500-ஐவிட உசத்தி என்று கடைக்காரர் சொல்வார். விலையும் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் பக்கத்துக் கட்டத்தையும் படிக்க வேண்டும். உடைவதற்கு முன் குறைந்தபட்சம் எவ்வளவு நீள வேண்டும்? எஃப்.ஈ. 500-க்கு 12 சதவீதம். 550-க்கு 10 சதவீதம். 500 டி என்ற ரகத்துக்கு 16 சதவீதம். இளகும் எண் ஒன்றாகவே இருந்தாலும், அந்த 'டி' எழுத்து சேர்ந்ததும் நீட்சி கூடுகிறது. என்னைக் கேட்டால், வீட்டுக்கு 550-ஐவிட 500 டி வாங்குங்கள் என்பேன். கட்டடத்தில் என்றாவது கணக்குக்கு மீறிய சுமை வந்தால் நீளுகிற கம்பி பீமைத் தொங்கவிடும், காரையில் விரிசல் காட்டும், வீட்டிலிருப்பவர்கள் வெளியே ஓடி வர நேரம் கொடுக்கும். நீளாத கம்பி அந்த மரியாதையைச் செய்யாது.

நெசவாளர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவுக்குக் கஞ்சி போடுவது எதற்கு? இழைகள் ஒட்டி, நூல் பலம் பெற. ஆனால் கஞ்சி கூடிவிட்டால் என்ன நடக்கும்? பாவு மொடமொடவென்று விறைத்து, மிதியை அழுத்தினதும் சடசடவென அறும். பலம் கூடியிருக்கிறது, நீளும் குணம் போய்விட்டது. மழை பெய்யாத காய்ந்த நாளில் பாவு அதிகம் அறுவதும் அதனால்தான். பருத்தி ஈரத்தில் பலம் பெறும் பொருள். நனைந்த இழை காய்ந்த இழையைவிடப் பத்து இருபது சதவீதம் கூடுதலாகத் தாங்கும், கூடுதலாக நீளவும் செய்யும். குழித்தறியில் உட்கார்ந்து நெய்த தாத்தாக்கள் மண்ணின் ஈரத்தைப் பாவுக்குக் கீழே வைத்துக்கொண்டே நெய்தார்கள்.

'டி' ரகக் கம்பிக்கு அந்த நீட்சி எங்கிருந்து வருகிறது? அதே தர நிர்ணயத்தின் வேறொரு பக்கத்தில், உருக்கில் என்னென்ன எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். எஃப்.ஈ. 500-ல் கந்தகம் 0.055 சதவீதம் வரை இருக்கலாம். 500 டி-யில் 0.040 தான். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தக் கந்தகத்துக்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி? இந்தக் கேள்விக்கான பதிலில் நம் மாவட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. இங்கிருந்து தென்கிழக்கே, பரங்கிப்பேட்டையில்.

வெள்ளைக்காரர்கள் போர்ட்டோ நோவோ என்று அழைத்த பரங்கிப்பேட்டையில் 1830-ல் ஓர் இரும்பாலை எழுந்தது. நிறுவியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்தவர். சேலத்து இரும்புக் கல்லில் மனம் பறிகொடுத்து, நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு உலை கட்ட வந்தவர். தாது சேலம் பக்கத்திலிருந்து, எரிபொருள் மரக்கரி. இங்கே உருக்கிய இரும்பைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஷெஃபீல்டில் அதை எஃகாக்கினார்கள். காட்டை வெட்டிக் கரியாக்கி நடத்திய ஆலை வெகுகாலம் நிலைக்கவில்லை. பணமும் கரைந்தது. இன்று பரங்கிப்பேட்டைக்குப் போகிறவர்கள் கடல் உயிரியல் ஆய்வு மையத்தைப் பார்ப்பார்கள், தர்காவைப் பார்ப்பார்கள். இரும்பாலை இருந்தது என்று சொன்னால் ஊர்க்காரர்களிலேயே பலர் புருவத்தை உயர்த்துவார்கள்.

ஹீத் இங்கிலாந்து திரும்பிய பிறகுதான் உலகம் மறக்கக் கூடாத ஒன்றைச் செய்தார். ஆங்கிலேய இரும்பில் எஃகு செய்தால், பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது விரிசல் விடும், பற்றவைக்க வராது. ஆகவே ஷெஃபீல்டுக்காரர்கள் ஸ்வீடனிலிருந்து விலை உயர்ந்த இரும்பைத் தருவித்தார்கள். மூசையில் கொஞ்சம் மாங்கனீசுக் கார்பைடைச் சேர்த்தால் சாதாரண ஆங்கிலேய இரும்பே நன்றாக அடிபடும், நன்றாகப் பற்றும் என்று ஹீத் காட்டினார். 1839-ல் காப்புரிமை வாங்கினார். எஃகின் விலை சரிந்தது.

காரணம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை, நமக்குத் தெரியும். கந்தகம் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகி, படிகங்களின் ஓரங்களில் மெல்லிய படலமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆயிரம் டிகிரிக்குச் சற்று முன்பே அது உருகிவிடும். சூட்டோடு அடித்தால், உருகிய ஓரங்களில் எஃகு கிழியும். மாங்கனீசு இருந்தால் கந்தகம் இரும்பை விட்டு அதனோடு போய்ச் சேரும். மாங்கனீசு சல்ஃபைடு லேசில் உருகாது. படலமாகப் பரவாமல் தனித்தனிப் பொட்டுகளாக ஒதுங்கி நிற்கும். அந்தப் பொட்டுகளும் அதிகமானால் ஆபத்துதான்: கம்பி நீளும்போது அவற்றைச் சுற்றித்தான் முதல் ஓட்டைகள் திறக்கின்றன. 'டி' ரகத்தில் கந்தகத்துக்குக் கடிவாளம் போட்டது இதனால்தான்.

ஹீத்துக்கு என்ன கிடைத்தது? வழக்குகள். மாங்கனீசுக் கார்பைடு என்று காப்புரிமையில் எழுதியிருந்தார். பிற்பாடு அவரே ஒரு மலிவான வழி கண்டார்: மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியாக மூசையில் போட்டாலே போதும், கார்பைடு உள்ளேயே உண்டாகிவிடும். அதைத் தன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய முகவராகவே இருந்த அன்வின் என்பவர், 'நான் போடுவது கார்பைடு இல்லையே' என்று தனியாகத் தொழில் தொடங்கிவிட்டார். வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறியது. ஹீத் 1851-ல் இறந்துபோனார். 1855-ல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இன்று உலகத்தில் மாங்கனீசு சேராத கட்டுமான எஃகு கிடையாது. நம் ஊர் ஸ்டேஷனில் தண்டவாளம் பிரியும் இடத்தைப் பாருங்கள். ரயில்வே அந்தக் குறுக்குச் சந்திகளில் போடும் வார்ப்பில் மாங்கனீசு பத்து சதவீதத்துக்கும் மேல். சக்கரம் இடிக்க இடிக்க அதன் மேற்பரப்பு இறுகும்.

தண்டவாளம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ரயில் 'கடகட கடகட' என்று ஓடும். இணைப்புகளில் விட்ட இடைவெளியின் சத்தம் அது. இப்போது கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் அது நீள வேண்டுமே, எங்கே நீளும்? நீள விடுவதில்லை. ஸ்லீப்பரும் ஜல்லியும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. நீளாத அந்த நீட்சி உள்ளே தகைவாக நிற்கும், டிகிரிக்கு 2.4 நியூட்டன் வீதம். தண்டவாளத்தைப் பூட்டிய நாளின் வெப்பத்தைவிட 30 டிகிரி ஏறினால் சதுர மில்லிமீட்டருக்கு 72 நியூட்டன். 60 கிலோ ரகத் தண்டவாளத்தில் அது 55 டன் அமுக்கம். வெயிலில் கேங்மேன்கள் லைன் முழுதும் நடந்து பார்ப்பது இந்த 55 டன் பக்கவாட்டில் பிதுங்கிவிடக் கூடாதே என்றுதான்.

கல்லுக்கு வருகிறேன். சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் ஏன் அத்தனை தூண்? பெருமைக்கு மட்டுமா? கருங்கல்லை அமுக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டனுக்கு மேல் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு தாங்கினாலே பெரிது. உத்திரத்தை இரண்டு தூண் மேல் வைத்தவுடன் அது மிகச் சிறிதாக வளைகிறது. மேல்முகம் அமுங்குகிறது, அடிமுகம் இழுபடுகிறது. கல்லின் பலவீனம் அந்த அடிமுகத்தில். தன் எடையை மட்டும் தாங்கும் உத்திரத்துக்குக்கூட, இடைவெளி இரண்டு மடங்கானால் அடிமுகத் தகைவு நான்கு மடங்கு. ஆகவே தூண்களை நெருக்கினார்கள். அதோடு விடவில்லை. தூணின் தலையில் இருபுறமும் நீண்டு பூமுனை விடும் போதிகையைப் பார்த்திருப்பீர்கள். நாம் அதன் வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டுப் போகிறோம். அது இடைவெளியைத் தின்கிறது. பத்தடி இடைவெளியைப் போதிகைகள் எட்டடியாக்கினால், கல்லின் அடிமுகத் தகைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

கலிலியோ 1638-ல் வெளியிட்ட நூலில் ஒரு கதை உண்டு. பெரிய சலவைக்கல் தூண் ஒன்றை இரு முனைகளிலும் கட்டை கொடுத்துத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் ஒடிந்துவிடுமோ என்று அஞ்சிய ஒருவர், நடுவிலும் ஒரு கட்டை வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. சில மாதம் கழித்துத் தூண் அந்த நடுக்கட்டைக்கு நேர் மேலே பிளந்து கிடந்தது. முனைக்கட்டை ஒன்று உளுத்து இறங்கிவிட்டது, நடுக்கட்டை இறங்கவில்லை. பாதித் தூண் அந்தரத்தில் தொங்கியது. இழுவை இப்போது அடிமுகத்தில் இல்லை, மேல்முகத்துக்குப் போய்விட்டது.

இந்தக் கதையை ஒவ்வொரு கொத்தனாருக்கும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் போடுகிறோமே, அது அந்தத் தூணின் தொங்கும் பாதிதான். கான்கிரீட்டும் கல்லின் ஜாதி. எம் 20 கலவை அமுக்கத்தில் 20 நியூட்டன் தாங்கும், இழுவையில் மூன்று. அதனால்தான் இழுவை வரும் பக்கத்தில் கம்பி வைக்கிறோம். ரூஃபில் அது அடிப்பக்கம். சன்ஷேடில், பால்கனியில், மேல்பக்கம். வரைபடத்தில் மேலேதான் போட்டிருப்பார்கள். கம்பி கட்டுகிறவரும் மேலேதான் கட்டியிருப்பார். கான்கிரீட் போடும் நாளில் சட்டி தூக்கி வருகிறவர்கள் அந்தக் கம்பி வலை மேல் மிதித்து நடப்பார்கள். நான்கு அங்குல சன்ஷேடில் கம்பி இரண்டு அங்குலம் கீழே இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பூசி வெள்ளையடித்துக் கிரகப்பிரவேசமும் முடிந்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க யாராவது அதன் மேல் ஏறி நிற்கும் வரை அந்தக் கம்பி எதையும் தாங்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. கம்பியின் ரகத்துக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிற நாம், கான்கிரீட் போடும் அன்று மேல்கம்பி இறங்காமல் தாங்க நாற்காலிக் கம்பி வைத்திருக்கிறார்களா, நடக்கப் பலகை போட்டிருக்கிறார்களா என்று பார்க்க ஐந்து நிமிடம் நிற்பதில்லை.

தானே புயலை நினைக்காமல் இந்தப் பேச்சை இந்த ஊரில் முடிக்க முடியாது. 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் அளவில். அந்த வேகத்தில் குறுக்கே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 90 கிலோவுக்கு மேல் அழுத்தம். வேகம் பாதியாக இருந்திருந்தால் அழுத்தம் கால்வாசிதான். புயலில் கடைசி இருபது முப்பது கிலோமீட்டர் வேகம்தான் எல்லாவற்றையும் சாய்க்கிறது. மின்கம்பங்கள் அடியோடு முறிந்தன. அந்தக் கம்பங்களில் உள்ளே கம்பியை இழுத்துப் பிடித்தபடி கான்கிரீட் வார்த்து, பிறகு விடுவார்கள். இழுத்த கம்பி சுருங்கப் பார்ப்பதால் கான்கிரீட் எப்போதும் அமுக்கத்திலேயே இருக்கும். சாதாரணக் காற்று அந்த அமுக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். தானே அதை முழுதாகத் தின்று இழுவைக்குக் கொண்டுபோனது. வளைவு மிகுதியாக இருக்கும் இடம் தரை மட்டம், முறிந்ததும் அங்கேதான்.

பலாவும் முந்திரியும் போன கணக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இன்றும் பேசினால் சிலர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். மரத்தில் பனையை மட்டும் பொறியாளன் கண்ணோடு பாருங்கள். தச்சர் பனையைப் பிளந்தால் வெளிவட்டம் கருத்து வைரம் பாய்ந்திருக்கும், நடுவில் சோறுதான். வளையும் எந்தத் தண்டிலும் தகைவு மிகுதியாக இருப்பது வெளிவட்டத்தில், நடுவில் சுழி. பனை தன் கெட்டியான சரக்கை எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் வைத்திருக்கிறது. தேக்குக்கு நேர்மாறு, அதன் வைரம் நடுவில். பழைய வீடுகளில் பனங்கையைச் செதுக்கும்போது சோற்றை வழித்து எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் கூரைக்கு ஏற்றினார்கள்.

ஒரே வீச்சில் உடைவதைப் பற்றியே இதுவரை சொன்னேன். சிறு சுமை திரும்பத் திரும்ப வந்தாலும் பொருள் உடையும். பாவின் ஒரு புள்ளி தறிக்குள் நுழைந்து துணியாகச் சுருளும் வரை ஐந்தடி தூரம் என்று வையுங்கள். அங்குலத்துக்கு 50 ஊடை என்றால், அந்தப் புள்ளி 3,000 தடவை இழுபட்டுத் தளர்கிறது. அச்சில் 3,000 தடவை உரசுகிறது. 200 கிராம் தாங்கும் நூல் அதில் மிகச் சிறு பங்குச் சுமையிலேயே அறுவது அதனால். இதே விஷயம் ரயில்வேக்காரர்களுக்கு விலை கொடுத்துத் தெரிந்தது. 1842 மே மாதம் வெர்சாய் அருகே ஓர் எஞ்சினின் சக்கர அச்சு ஒடிந்து, வண்டிகள் தீப்பற்றிப் பலர் மாண்டார்கள். ஜெர்மானியப் பொறியாளர் வோலர், அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி லட்சக்கணக்கான தடவை வளைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்குக் கீழே எத்தனை கோடி தடவை ஆட்டினாலும் உடையாது என்று கண்டார். அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட வரம்பு கிடையாது. இங்கே நீட்சிக் குணமும் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோர்ந்து உடையும் எஃகு, எவ்வளவு நல்ல ரகமானாலும், இடுப்பு ஒடுங்காமல், சத்தம் காட்டாமல், ஒரு சிறு கீறலிலிருந்து உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போய்த்தான் உடையும். அதனால்தான் அச்சுகளைக் காலம் வைத்துச் சோதிக்கிறார்கள்.

நெய்வேலியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு வகை தெரியும். 1962-ல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020-ல்தான் ஓய்வு பெற்றது. 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நீராவியைச் சுமக்கும் குழாயில் தகைவு இளகும் நிலைக்கு வெகு கீழேதான் இருக்கும். ஆனாலும் குழாய் ஆண்டுக்கு ஆண்டு மயிரிழை மயிரிழையாகப் பருக்கும். ஊர்வு என்பார்கள். குழாயின் விட்டத்தை அளந்து, மேற்பரப்பை மெருகேற்றிப் படிகங்களுக்கு இடையே பொத்தல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்று சொல்லுவது ஒரு தனிக் கலை.

கூட்டத்துக்கு முன்பே ஒரு நண்பர் கேட்டார்: 'கடையில் 500 டி என்று எழுதித் தருகிறார்கள், நான் எப்படித் தெரிந்துகொள்வது?' முதலில், லாட் நம்பரோடு சோதனைச் சான்று கேளுங்கள். நீட்சி சதவீதம், கந்தகம், பாஸ்பரஸ் மூன்றையும் அதில் பாருங்கள். அடுத்தது வளைப்புச் சோதனை. 500 டி-யில் 20 மி.மீ. வரையுள்ள கம்பியை அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு விட்டமுள்ள உருளையைச் சுற்றி 180 டிகிரி வளைக்க வேண்டும். 12 மி.மீ. கம்பிக்கு 36 மி.மீ. உருளை. கம்பி வளைக்கும் மேஜையிலேயே செய்து பார்க்கலாம். அடுப்பிலோ கேஸ் கட்டரிலோ சூடு காட்டி வளைக்க விடாதீர்கள், டி.எம்.டி. கம்பியின் பலமே சூட்டிலிருந்து தண்ணீரில் சட்டென்று குளிர்வித்த வெளித்தோலில் இருக்கிறது, சூடு பட்டால் அது போய்விடும். வளைத்த பிறகு உள்பக்கத்தைப் பார்க்க வேண்டாம். வெளிப்பக்கம், வளைவின் முதுகில், கம்பியின் வரிகளுக்கு அடியில் குறுக்கே மயிரிழைக் கீறல் ஏதாவது திறந்திருக்கிறதா என்று வெயிலில் திருப்பிப் பாருங்கள். இருந்தால் அந்த லாரியை இறக்க வேண்டாம்.